ஏழாவது ரீலில் ஒரு மூச்சு

செங்கல்பட்டு
8-7-75

சம்பூர்ணத்துக்கு தேசப்பன் எழுதுவது.

நலம் விசாரித்து எழுத எனக்கு மனசில்லை. உனக்கும் அது வேண்டியிருக்காது. ஒரு விஷயத்தைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்களே, அந்தப் படம் வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் கொட்டகையில் போடுகிறார்கள். பெட்டி நேற்றே வந்துவிட்டது. ஆபரேட்டர் என்ற முறையில் முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன். இத்தாலிக்காரன் எடுத்து இங்கிலீஷில் பேசவிட்டிருக்கிறான். ரோம் நகரத்தில் பெரிய தையல் கம்பெனி. பணக்காரிகளுக்கு கவுன் தைப்பார்கள், அதை அழகான பெண்கள் போட்டுக்கொண்டு மேடையில் நடந்து காட்டுவார்கள். அந்த கவுனில் போடும் பூவேலைக்குள் ராணுவ ரகசியத்தை ஒளித்து வைத்து நாடு விட்டு நாடு கடத்துகிறார்கள். கண்டுபிடிக்க வந்த உளவாளி, போட்டோ எடுக்கிறவன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கூடவே திரிகிறான். புது கவுனைப் போட்டோ பிடிக்க எல்லாரும் இந்தியாவுக்கு வருகிறார்கள். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் ரகசியம் கைமாறுகிறதை ஒரு மீன்காரன் பார்த்துவிடுகிறான். அவனைச் சுட்டுப் போடுகிறார்கள்.

அந்த மீன்காரன்தான் உன் புருஷன், என் தம்பி ஜம்புலிங்கம். ஏழாவது ரீலில் வருகிறான். விழுந்து கிடக்கிறதோடு சரி, ஒரு நிமிஷம்கூட இருக்காது. மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி அவனைத் தாண்டிக்கொண்டு போகிறாள்.

போன கார்த்திகைப் புயலில் அவன் கட்டுமரம் மட்டும் கோவளத்தில் ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. அன்று உன் வாசலில் வைத்து, நாலு பேர் கேட்க, "பொணமா படுக்கச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். அதற்கப்புறம் உன் வாசலை நான் மிதிக்கவில்லை, அம்மாவையும் என்னோடு அழைத்துவந்துவிட்டேன். அந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டு நீ மறுபடி ஊரைக் கூட்ட வேண்டாம். படம் பார்க்க நீ வர வேண்டாம். சொல்லிவிட்டேன்.

தேசப்பன்


மகாபலிபுரம் குப்பம்
14-7-75

ஆபரேட்டர் அவர்களுக்கு,

மாமா என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதனால் உத்தியோகத்தைப் போட்டிருக்கிறேன்.

வர வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்? கொட்டகை உங்களுடையதா? டிக்கெட் கிழிக்கிறவன் தடுத்தால் தடுக்கட்டும், அவனிடம் பேசிக்கொள்கிறேன்.

அன்று நான் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன். கடலைக் காட்டச் சொன்ன வெள்ளைக்காரனுக்கு வண்டி ஓட்டிவந்தவன் முதலில் உங்கள் கொட்டகைக்குத்தானே வந்தான்? "என் தம்பி கீறான், அவங்கிட்டப் போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தது யார்? உயிரோடு இருக்கிற ஆம்பளையைப் பிணமாகப் படுக்க வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும், "சினிமாதானேம்மா, ஒன்னும் ஆவாது" என்று எனக்குச் சமாதானம் சொன்னது யார்? நான் அன்றைக்குக் குடத்தோடு மணலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஏழு தடவை எடுத்தார்கள். ஆறு தடவையும் இவர் வயிறு ஏறி இறங்கிவிட்டதாம், தொப்பி போட்ட டைரக்டர் குதித்துக் குதித்துக் கத்தினான். பீங்கான் குப்பியிலிருந்து சிவப்புச் சாயத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊற்றினார்கள். துணிமணிக்காரி ஒருத்தி இவர் கட்டியிருந்த கட்டம் போட்ட கைலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு சமாசாரம். கோவளம் ஞானம்மாள் மீன் விற்கச் செங்கல்பட்டு வந்தவள், சனிக்கிழமை பகல் ஆட்டம் பார்த்திருக்கிறாள். நேரே என்னிடம் வந்தாள். "அடியே, ஒன் வூட்டுக்காரரு செத்துக் கெடக்கசொல்லோ மூச்சு வுடுறாருடி! கொட்டகையே சிரிக்குது!" என்றாள். எட்டு மாதத்தில் நான் அன்றைக்குத்தான் வயிறாரச் சோறு தின்றேன்.

போன மாதம் காரியம் செய்துவிடலாம் என்று ஆள் அனுப்பினீர்கள். ஊர்க் கட்டு உங்களுக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். உடம்பு கரைக்கு வராதவனுக்கு அடுத்த மழைக்காலம் தாண்டித்தான் காரியம். இல்லையென்றால், ஊர் ஆள் நாலு பேர் உடம்பைக் கண்ணால் பார்த்தோம் என்று அம்மன் முன்னால் சொல்ல வேண்டும். எங்கே உங்கள் நாலு பேர்? அதுவரைக்கும் என் கழுத்தில் இருப்பது என் கழுத்தில்தான் இருக்கும்.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
18-7-75

சம்பூர்ணத்துக்கு,

நாலு பேர் எங்கே என்று கேட்டாயே. வந்தார்கள்.

புதன்கிழமை சிங்காரமும் இன்னும் மூன்று பேரும் நம் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து படம் பார்த்தார்கள். ஏழாவது ரீல் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள், மீதிப் படத்துக்குக்கூட உட்காரவில்லை. மறுநாள் அம்மன் கோயிலில் நின்று, ஜம்புலிங்கத்தின் உடம்பை நாங்கள் நாலு பேரும் கண்ணால் பார்த்தோம், மணலில் கிடந்தது, ரத்தம் இருந்தது, அசைவு இல்லை என்று சத்தியம் செய்துவிட்டார்களாம். எங்கே பார்த்தாய் என்று பஞ்சாயத்தில் கேட்டதற்கு, "எங்க பாத்தா இன்னா? பாத்தது பாத்ததுதான்" என்று சிங்காரம் சொல்லியிருக்கிறான். பஞ்சாயத்தார் ஒத்துக்கொண்டார்கள். நேற்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் நடந்தது நல்லதுக்குத்தான். ஆடி அமாவாசை, ஆகஸ்டு ஏழாம் தேதி, கடற்கரையில் காரியம். அம்மா இங்கே சோறு தண்ணியில்லாமல் கிடக்கிறாள், பிள்ளைக்குக் காரியம் முடிக்காமல் கண்ணை மூடமாட்டேன் என்கிறாள். அவளை நினைத்தாவது வீம்பை விடு. தாலியை இறக்க மாரியம்மாவும் மற்ற பெண்டுகளும் வருவார்கள். முரண்டு பிடித்து மானத்தை வாங்காதே.

நீ ஒரு ஆள் ஒத்துக்கொள்ளாததால் செத்தவன் திரும்பி வந்துவிடப் போவதில்லை.

தேசப்பன்


மகாபலிபுரம் குப்பம்
21-7-75

ஆபரேட்டர் அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு நானும் பக்கத்து வீட்டு மாரியம்மாவும் வந்தோம். உங்களுக்கே தெரியும். இடைவேளையில் நான் திரும்பி மேலே பார்த்தபோது சுவரில் இருக்கிற அந்தச் சின்னச் சதுர ஓட்டையில் உங்கள் கண் இருந்தது. இறங்கி வரவில்லை. தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. இருக்கட்டும்.

அந்த மூச்சைப் பார்க்கத்தான் வந்தேன். பார்த்துவிட்டு, பஞ்சாயத்தார் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து, பாருங்கள், உங்கள் பிணம் மூச்சு விடுகிறது என்று காட்டத்தான் வந்தேன். இவர் விழுகிறார். கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். கைலி தெரிகிறது. முகம் தெரிகிறது. எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்த முகம், அத்தனை பெரிசாக. நான் மாரியம்மா தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வரும், இப்போது வரும் என்று. திடீரென்று படத்தில் ஒரு குதி. தலைமாட்டில் நின்றிருந்த மஞ்சள் கவுன்காரி கண்ணை மூடித் திறப்பதற்குள் கால்மாட்டுக்குப் போய்விட்டாள். நடுவில் ஒன்றுமில்லை. யாரும் சிரிக்கவில்லை.

ஞானம்மாள் பொய் சொல்கிறவள் இல்லை. சனிக்கிழமை இருந்த மூச்சு புதன்கிழமை எப்படிப் போயிற்று? அந்த மெஷின் அறையில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறவர் ஒரே ஒருத்தர்தான்.

கடல் கொண்டுபோனதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கொன்றீர்கள் என்று தெரியும். கூடப் பிறந்தவன் மூச்சை வெட்டி எறிந்துவிட்டு, நாலு சோம்பேறிகளுக்குப் பிணம் காட்டினீர்கள். எதற்கு? நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டால்தான் போனான் என்று ஊர் இன்னும் பேசுகிறது, காரியம் முடிந்தால் பேச்சும் முடியும் என்றுதானே?

கடைசி ரீலில் அந்த வெள்ளைக்காரிகள் இவர் கைலிக் கட்டத்தையே கவுனாகத் தைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், சுற்றிலும் கை தட்டுகிறார்கள். நம் ஆம்பளை நாற்ற மீனைக் கழுவிவிட்டுக் கை துடைத்த துணி அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையில் செருப்பை வீசியிருப்பேன். மாரியம்மா கையைப் பிடித்துவிட்டாள்.

அமாவாசைக்கு வாருங்கள். யார் என் கழுத்தில் கை வைக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
24-7-75

சம்பூர்ணத்துக்கு,

ஆமாம், நான்தான் வெட்டினேன்.

படத்துக்கு இன்றோடு கடைசி. நாளை பெட்டி போகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். நீ நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ.

முதல் நாளே தரை டிக்கெட்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "பொணம் மூச்சு வுடுதுடா டோய்!" என்று விசில். அடுத்த ஆட்டத்திலிருந்து அதற்கென்றே வந்தார்கள். அந்த இடம் வந்ததும் கொட்டகை மொத்தமும், "எந்திரிடா, எந்திரிடா!" என்று கை தட்டும். ஞானம்மாள் உனக்குச் சிரிப்பைத்தான் சொன்னாள். நான் அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு ஆட்டமும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவன் விழுந்து கிடக்கிறதை நீ ஒரு தடவை பார்த்தாய். நான் இன்றோடு நாற்பத்திரண்டு தடவை.

அதுகூடப் பரவாயில்லை. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். பதின்மூன்றாம் தேதி பகல் ஆட்டத்துக்கு எனக்குத் தெரியாமல் டிக்கெட் வாங்கி வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடம் வந்தது. எல்லாரும் எந்திரிடா என்றார்கள். அம்மாவும் எழுந்து நின்று கத்தினாள். "ஜம்பு, எந்திரிடா! வெயில்ல படுத்துக்கினு இன்னாடா பண்றே, வூட்டுக்கு வாடா!" கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ கிழவி வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் குரல் தெரியும். மெஷினை நிறுத்தவும் முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. ரீல் மாற்ற வேண்டிய நேரம். மாற்றினேன். அந்த ஆட்டம் முடிந்ததும் ரீலைப் பிரித்துத் துண்டை வெட்டி எடுத்து ஒட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து அம்மா என்னை விடவில்லை. "உசுரோடதான் கீறான், நானே பாத்தேன், போயி இட்டுக்கினு வா" என்கிறாள். தினம் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். காரியம் செய்யச் சொல்லி அவள் கேட்பதாக நான் உனக்கு எழுதியது பொய். காரியம் வேண்டும் என்றது நான். செத்தான் என்று ஊர் சொல்லி, கரையில் பிண்டம் வைத்தால்தான் அவள் அடங்குவாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிங்காரம் கேபினுக்கு ஏறி வந்து, "அண்ணாத்த, இது ஜம்பு ஒடம்புதானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதை வைத்து என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

சீட்டு எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதை நீ எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நீ அங்கே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு பத்தினியாக உட்கார்ந்திருக்கிறாய். அந்த நம்பிக்கையோடு இங்கே மல்லுக்கட்டுகிறவன் நான். துண்டு என்னிடம்தான் இருக்கிறது. படத்தில் மறுபடி ஒட்டப்போவதில்லை. இன்னொரு ஊரில் என் தம்பியைப் பார்த்து எவனும் சிரிக்க வேண்டாம். உனக்கும் தரமாட்டேன். அதை வைத்துக்கொண்டு நீயும் அம்மா மாதிரி பஸ் பார்த்து உட்காரவா?

தேசப்பன்


மகாபலிபுரம் குப்பம்
28-7-75

ஆபரேட்டர் அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தையை நினைத்து அழுதேன். உங்களை நினைத்து அழவில்லை.

எனக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கடற்கரையில் பிறந்தவள். கட்டுமரம் தனியாக ஒதுங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புயலில் இடுப்பில் சுற்றிக்கொள்கிற கயிறு மரத்திலேயே கட்டியிருந்தது. மரத்தை விட்டு வந்து கரையேறுகிறவன் எட்டு மாதம் எங்கே போவான்? அவர் போய்விட்டார் என்று கார்த்திகையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் மழைக்காலம் தாண்டட்டும் என்றேன். ஊரில் கடலுக்குப் போன அத்தனை பேருக்கும் அந்த அவகாசத்தைக் கொடுத்தார்கள். என் புருஷனுக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்? சிவப்புச் சாயத்தை ஊற்றிப் படுக்க வைத்த பொய்ப் பிணத்தைச் சாட்சி வைத்து அவரை வழியனுப்பிவிட நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தாலியை இறக்க வேண்டுமானால் நானே இறக்குவேன், நிஜத்துக்கு இறக்குவேன், சினிமாவுக்கு இறக்கமாட்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று வயிறு எரிகிறது.

அன்றைக்கு ஆறு தடவை அவருக்குத் தெரியாமல் மூச்சு வந்தது. ஏழாவது தடவை அப்படி இல்லை. சங்கு எடுக்க முழுகுகிற ஆள், நாம் நூறு எண்ணும்வரை மூச்சுப் பிடிப்பார், உங்களுக்கே தெரியும். ஏழாவது தடவை அப்படியே கட்டையாகக் கிடந்தார். நிறம்கூட மாறிவிட்டது. அந்தப் பெண் கவுனைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டினாள். ஆளைத் தாண்டுகிறாளே என்று பதறியதில் குடம் கை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் மூச்சு விட்டார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏன் மூச்சு விட்டீர்கள், படம் கெட்டுப்போயிருக்குமே என்று. "நீ பயந்துக்கினு நிக்கறே, உசுரோடதான் கீறேன்னு ஒனக்குத் தெரியவேணாமா?" என்றார். டைரக்டர் வெயில் சாய்ந்துவிட்டது என்று அதையே போதும் என்றுவிட்டான்.

அந்த மூச்சு எனக்காக விட்டது. கொட்டகைக்காக இல்லை, அத்தைக்காக இல்லை, உங்களுக்காக இல்லை. எனக்கு உரியதை வெட்டி எடுத்து உங்கள் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். திருப்பிக் கொடுங்கள்.

சம்பூர்ணம்


செங்கல்பட்டு
5-8-75

சம்பூர்ணத்துக்கு,

நேற்று காலை குப்பத்துக்கு வந்தேன். உன் வாசலுக்கு வரவில்லை, நேரே அம்மன் கோயிலுக்குப் போனேன். பஞ்சாயத்தாரிடம் துண்டை வெட்டியது நான், சிங்காரத்திடம் ஆமாம் என்றதும் நான் என்று சொல்லிவிட்டேன். சிங்காரம் என்னை அடிக்க வந்தான். சத்தியம் செய்ய வைத்து நாலு பேரையும் பாவத்தில் தள்ளிவிட்டேனாம். நியாயம்தான். எனக்குத் தண்டம் போட்டார்கள், அது என் பாடு. அமாவாசைக் காரியம் இல்லை என்றாகிவிட்டது. மழைக்காலம் தாண்டித்தான்.

துண்டை அம்மாவுக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பிலிமில் இருக்கிற ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். "இம்மாத்தூண்டா கீறானே" என்றாள். பிறகு, "இது படம்தானேடா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். இன்று பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. சோறும் இரண்டு வாய் தின்றாள்.

துண்டு இந்தக் கவருக்குள் இருக்கிறது. வெயிலில் பிடித்துப் பார், விளக்குக்குக் கிட்டே கொண்டுபோகாதே, சுருண்டுவிடும். ஓரத்தைப் பிடி, நடுவில் விரல் வைத்தால் அழியும். மொத்தம் நாற்பத்தொரு கட்டம். இரண்டு நொடிகூட இல்லை. மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. உன் குடம் உடைந்த சத்தம் படத்தில் இல்லை, பாட்டுப் போட்டிருக்கிறான்.

நாற்பதுதான் அனுப்பியிருக்கிறேன். மூச்சு உள்ளே நிறைந்து நெஞ்சு உயர்ந்திருக்கிற கட்டம் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். உன்னுடையது என்று சொன்னாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எடுத்துக்கொண்டேன். நீ திட்டினால் திட்டிக்கொள். நீ என்னை மன்னிக்க வேண்டாம், அன்று வாசலில் சொன்னதை நானும் மறக்கப்போவதில்லை.

தேசப்பன்


மகாபலிபுரம் குப்பம்
9-8-75

மாமாவுக்கு,

கவர் வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முகத்தைவிட வயிறுதான் தெளிவாக இருக்கிறது. எண்ணினேன், நாற்பது சரியாக இருக்கிறது.

கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு உங்களைத் திட்டாத வார்த்தை இல்லை. மாரியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இப்போதும் ஆத்திரம் தீரவில்லை.

தை அமாவாசைக்கு வாருங்கள். அத்தையைக் கூட்டி வாருங்கள், அந்த ஒரு கட்டத்தையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். காரியத்துக்கு உடம்பு வேண்டும் என்று அலைந்தீர்களே. நாற்பத்தொன்றையும் சேர்த்து வைத்தால் அதுதான் உடம்பு. நானே கடலில் விடுகிறேன்.

அதுவரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சம்பூர்ணம்